கணவர் கையெழுத்து இல்லாத கட்டுரை

அறுபதுகளில் நான் விருதுநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். என் மனைவி பெண்கள் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. மழைக்காலத்தில் தீக்குச்சி மருந்து ஏன் நமுத்துப்போகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சிவகாசியிலிருந்து வந்த குச்சிகள் பதினொரு குப்பிகளில் எங்கள் சமையலறை அலமாரியில் இருந்தன. பக்கத்திலேயே அடுப்பு. எனக்குத் தூக்கம் வராது.

கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய முதல் கட்டுரை ஓர் ஆராய்ச்சி இதழில், அப்பாவின் இனிஷியலோடு வந்திருந்தது. கல்யாணமானதும் வழக்கப்படி என் இனிஷியல் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கட்டுரையை அந்தப் பெயரில் அனுப்பினாள். வரும் கட்டுரைகளை இதழ்க்காரர்கள் வெளியூர் அறிஞர் இருவரிடம் காட்டுவார்கள். அவர்கள் சரி என்றால்தான் அச்சேறும். ஒருவர் சரி என்றார். மற்றவர், இந்தச் சோதனை முறை ஏற்கெனவே வேறொருவர் எழுதியது, இந்த அம்மாள் அதைத் திருடியிருக்கிறார் என்று எழுதிவிட்டார். அந்த வேறொருவரும் இவளேதான்.

விளக்கம் எழுதினாள். இருவரும் ஒருவரே என்று கணவர் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. இவ்வளவுதானே என்று நான் பேனாவைத் திறந்தேன்.

"மூடி வைங்க."

"ஒரு கையெழுத்துதான? ரெண்டு வருச வேலை வீணாப் போயிரும்."

"போகட்டும். மருந்து கலக்குனது நானு. அதுக்கு நீங்க என்ன சாட்சி? இப்பப் போட்டீகன்னா, நாளைக்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் கேப்பாக."

"அப்ப ஒங்க அப்பாவோட பழைய இனிஷியலையே போடப் போறியா? அதுவும் ஒரு ஆம்பள எழுத்துதான?"

"ஆமா. ஆனா நான் மொதல்ல எழுதுனது அந்தப் பேர்ல."

இதழுக்கு மூன்றே வரி எழுதினாள். 'முதல் கட்டுரையில் இருந்தபடியே என் பெயரைப் போடுங்கள். சந்தேகப்படுகிறவரை விருதுநகருக்கு வரச் சொல்லுங்கள், கண்முன்னே செய்து காட்டுகிறேன். கணவர் கையெழுத்து வராது.'

ஐந்து மாதம் தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்டேன். அறிஞர் வரவில்லை. இதழ் வந்தது, அவள் கேட்ட பெயரோடு.

சேதி கேட்டு என் அண்ணன் ஊரிலிருந்து வந்து நின்றார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டி ஒன் எழுத்தக் கழட்டி எறிஞ்சிட்டாளாம்லே. ஊரே சிரிக்கு."

"சிரிக்கட்டும்ணே. இங்கிலீசுல இருபத்தாறு எழுத்து இருக்கு, அதுல ஒண்ணுதான போச்சு."

பிறகு அவள் எழுதிய ஏழு கட்டுரைகளும் அதே பெயரில்தான் வந்தன. என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.