ஒரே தட்டில் கொட்டிய கைத்துப்பாக்கிகள்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் கோலா பிலாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். ரப்பர் வாங்க ஆளில்லை, ரோலர்கள் துருவேறிக் கிடந்தன. பங்களாவில் தங்கியிருந்த படைக்கு விளக்கெரிய வேண்டும், அதற்கு எஞ்சினை ஓட்ட ஒருவன் வேண்டும். அந்த ஒரே காரணத்தால் என்னைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போகாமல் விட்டார்கள்.

கடைசி வருஷத்தில் புதிதாக ஒரு லெப்டினன்ட் வந்தான். கூடவே ஒரு பெட்டி நிறையப் புதுக் கைத்துப்பாக்கிகளும் வந்தன. காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒன்றை உயர்த்திப் பிடித்துக் கத்தினான். முன்பு தோட்டத்துத் துரைக்குக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, இப்போது இவனுக்கு மொழிபெயர்ப்பாளராகிவிட்ட ஆள், பக்கத்தில் நின்று பவ்யமாகச் சொன்னார்: "வெள்ளைக்காரன்கிட்ட இது மாதிரி கிடையாதாம். எல்லாரும் கும்பிடுங்க."

கும்பிட்டோம். முன்வரிசையில் நின்ற எனக்கு அதன் மேல் அரம் ராவிய கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. இதற்கு முன்பிருந்த அதிகாரியிடம் போருக்கு முன் செய்த துப்பாக்கி இருந்தது. கண்ணாடிபோல வழவழவென்று, நீலம் பாய்ந்த கறுப்பு. இதுவோ ஆணி அடிக்கும் பட்டறையில் அவசரமாகச் செய்தது போலிருந்தது.

ஒருநாள் சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. துப்பாக்கிகளைக் கழற்றிக் கழுவச் சொல்லி ஒரு சிப்பாயிடம் கொடுத்தான் லெப்டினன்ட். அந்தச் சிப்பாய் படைக்கு வருமுன் வயலில் உழுதுகொண்டிருந்தவன். எல்லாவற்றையும் கழற்றி, ரப்பர் பால் உறையவைக்கும் பெரிய தட்டு ஒன்றில் மொத்தமாகக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டான். திரும்பப் பூட்டும்போதுதான் ஒன்றும் சேரவில்லை. கிராணி தட்டைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் கொட்டகைக்கு ஓடிவந்தார்.

"ஏன்யா, இது ஒரு பெரிய வேலையா? எல்லாம் ஒரே மாதிரி. எத எடுத்துப் போட்டாலும் சேந்துக்கும்லா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் எஞ்சினுக்குச் சிங்கப்பூரிலிருந்து உதிரிச் சாமான் வந்தால், பெட்டியைப் பிரித்து வைத்ததும் சொன்ன இடத்தில் உட்காரும். எந்திரத்தில் வெட்டி, அளவுகோல் வைத்துப் பார்த்து அனுப்பிய சாமான். ஆனால் இந்தத் துப்பாக்கியின் துண்டுகளில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. குத்துமதிப்பாக வெட்டி, அந்தந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும்வரை கையால் ராவியிருக்கிறார்கள். பெரிய துண்டுகளில் எண் அடித்திருந்தது. சின்னவற்றில் எதுவுமில்லை. எது எதனுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"கிராணியாரே, இது சேராது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு."

"அவன்கிட்ட நான் இத சொல்லவா? தலைய எடுத்துடுவான்யா. நீதான் பிட்டரு, ராவு!"

ராவினேன். என் உயிருக்குப் பயந்து ராவினேன். இறுகியது இளகியது, இளகியது ஆடியது. வெளியே பார்க்க எல்லாம் துப்பாக்கி மாதிரி இருந்தன, அவ்வளவுதான். அதில் ஒன்றை வாங்கி உறையில் செருகிக்கொண்டு லெப்டினன்ட் மீசையில்லாத இடத்தைத் தடவிக்கொண்டான்.

பெரிய அதிகாரி வந்தார். மைதானத்து மூலையில் ஒரு தகர டின்னை வைத்து, சுடு என்றார். லெப்டினன்ட் விறைப்பாக நின்று விசையை இழுத்தான். 'டிக்' என்றது. திரும்ப இழுத்தான். தோட்டாக்கள் அடைத்திருந்த கூடு பிடியிலிருந்து கழன்று அவன் பூட்ஸ் மேல் விழுந்தது. வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

பெரிய அதிகாரி லெப்டினன்டின் கன்னத்தில் அறைந்தார். அவர் கார் ஏறிப் போனதும் லெப்டினன்ட் சிப்பாயை அறைந்தான், கிராணியையும் அறைந்தான். கிராணி நேராகக் கொட்டகைக்கு வந்து என்னை அறைந்தார். அந்தச் சாம்ராஜ்யம் எப்படி நடந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. எனக்குக் கீழே அறைய ஆளில்லை என்பதால் அது என்னோடு நின்றது.

சாயங்காலம் அந்தச் சிப்பாய் வீங்கிய கன்னத்தோடு தண்ணீர் கேட்டு வந்தான். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன்: "உங்க ஊர்ல இதையெல்லாம் எவன் செய்யிறான்?"

"என் தங்கச்சி மாதிரி பிள்ளைங்க. படிப்ப நிறுத்தி, கையில அரத்தக் குடுத்துட்டாங்க."

"அவளுக்கு வேலை தெரியுமா?"

"எங்கே தெரியும்? சட்டைக்குப் பட்டன் தைக்கவே தெரியாது" என்று சிரித்தான். சிரித்ததில் கன்னம் வலித்திருக்க வேண்டும், பொத்திக்கொண்டான்.

அதைச் செய்தவனின் பரம்பரையையே அத்தனை நேரமும் திட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையை எப்படித் திட்டுவது? அதற்குப் பிறகு, அவள் கையில் அரத்தைக் கொடுத்துவிட்டு, அவள் ராவியதை எங்களைக் கும்பிடச் சொன்னவர்களை மட்டும் திட்டினேன்.

மறுநாள் காலையில் கிராணி மறுபடி வந்தார். முதல்நாள் அறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. கையில் லெப்டினன்டின் துப்பாக்கி.

"கூடு விழாம கட்டித் தரணுமாம். வெளிய தெரியக் கூடாதாம்."

சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, உறையை மூடினால் தெரியாதபடி கூட்டைப் பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். மாற்றலாகிப் போகும்வரை லெப்டினன்ட் அதைத்தான் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு எங்களை மிரட்டினான்.