கடனில் வந்த வால்வு

தண்ணீர் திறந்துவிடுகிறவரின் பெயரை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஆளுயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் "சாவி வந்தாச்சு" என்று பெண்கள் குடத்தைத் தூக்குவார்கள். அதுவே அவர் பெயராகிவிட்டது. வரத் தாமதமானால் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. தெருமுனைக் குழிக்குள் சாவியை இறக்கி, வால்வின் தலையில் மாட்டி, இடது பக்கம் சுற்றினால் திறக்கும். வலது பக்கம் சுற்றினால் மூடும். கறுப்பு மீசையோடு தினக்கூலியாகச் சேர்ந்தவர். மீசை வெளுத்ததே தவிர கூலி மாறவில்லை.

அப்போதுதான் புதுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பணக்கார நாடு ஒன்று குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்ததாம். பேரன் காலம்வரை மெதுவாகக் கட்டலாமாம். ஆனால் பைப், பம்ப், வால்வு, நட்டு, போல்ட்டு எல்லாம் அவர்கள் நாட்டுக் கம்பெனியில்தான் வாங்க வேண்டும். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதற்குப் பெயர் உதவி. கடன் மட்டும் ஊர் தலையில்.

வால்வுகள் கப்பலில் வந்து இறங்கின. திறக்கும் சாவிகள் வரவில்லை, அடுத்த கப்பலாம். இன்ஜினியர் இவரைக் கூப்பிட்டார்.

"உன்னோடத வச்சு சமாளிப்பா. திறப்பு விழா நல்லபடியா முடியட்டும், உன்ன நிரந்தரம் பண்ணிடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகச் சொந்தக் காசில் பட்டறைக்குப் போய், புது வால்வின் தலைக்கு ஏற்றபடி சாவியின் வாயைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார்.

வால்வைக் குழியில் பொருத்தியது அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. பெரியவர்கள் வருகிறார்கள் என்று விழாவுக்கு முதல் நாள் குழாய், வால்வு, குழி மூடி எல்லாவற்றுக்கும் நீலப் பெயிண்டை அப்பியதும் அவர்தான். "ஒரு தடவை சுத்திப் பாத்துக்கறேனே" என்று சாவி அவரிடம் கேட்டதற்கு, "பெயிண்ட் காயல மாப்ள, கை வைக்காத" என்று விரட்டிவிட்டார்.

விழாவில், கடன் கொடுத்த நாட்டு அதிகாரி டை கட்டிக்கொண்டு வந்து குழாயைத் திருகினார். பைப்பைக் கழுவ, குழியில் இறக்கும் முன்பே மேஸ்திரி ஆட்கள் கொஞ்சமாகத் திறந்துவைத்த வால்வு. குழந்தை ஒன்றுக்குப் போவது போலத் தண்ணீர் வந்தது.

"நல்லாத் திறப்பா!" என்றார் இன்ஜினியர்.

சாவி இடது பக்கம் சுற்றினார். தண்ணீர் நூலானது.

"என்னய்யா பண்ற? இன்னும் திற!"

உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அதே பக்கம் சுற்றினார். சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

அதிகாரி குழியோரம் உட்கார்ந்து கார் சாவியால் குழி மூடியின் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் அம்புக்குறி இருந்தது. வலது பக்கம் காட்டியது. அவர்கள் ஊரில் வால்வு அப்படித்தான் திறக்குமாம். சிரித்துக்கொண்டே, நாய்க்குட்டியைத் தட்டுவது போல இவர் தோளில் தட்டினார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

இன்ஜினியர் முகம் கறுத்துவிட்டது. "இத்தன வருஷமா இதுதான் வேல, எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரியல. நாளையிலேருந்து வராத."

மச்சான் பக்கத்தில்தான் நின்றார். நகக்கண்ணில் நீலம் போகவில்லை. 'அம்பு மேல அடிச்சது நான்தான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவருடைய அடுத்த வேலையும் அதே இன்ஜினியர் கையில்தான் இருந்தது. மச்சான் பந்தல் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மச்சான் சாவியின் வீட்டுக்கு வந்தார். தங்கை டீ கொடுத்தாள்.

"மாப்ள, கோவத்த விடு. புதுசா ஒருத்தனப் போட்டிருக்காங்க. அவனுக்குச் சாவி இல்ல. உன்னோடத வாங்கிட்டு வரச் சொன்னாரு இன்ஜினியர்."

"கப்பல்ல வருதுன்னாரே?"

"அது எந்தக் கடல்ல நிக்குதோ. நேத்து மூடின வால்வு மூடினபடியே கிடக்கு, மேட்டுத் தெரு பூரா தண்ணி இல்ல. எங்க வீட்லயும் சொட்டு இல்ல."

"பெயிண்ட் மிச்சம் இருக்குமே. அதக் குடி."

"விளையாடாத மாப்ள."

"சரி, தரேன். இப்பவே என்கூட வந்து, அம்ப மறச்சது நீதான்னு அந்த ஆள்கிட்ட சொல்லு. சொன்ன கையோட சாவிய வாங்கிக்க."

மச்சான் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மாப்ள."

"எனக்கு என்ன, கோழிக்குஞ்சா இருக்கு?"

மனைவி, அண்ணன் கையிலிருந்த டம்ளரைப் பாதியில் பிடுங்கிக்கொண்டாள். "போதும்ண்ணா. தண்ணி இல்லாத ஊர்ல டீ எதுக்கு? கிளம்பு."

மச்சான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

சாவி எழுந்து, இரும்புச் சாவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே படுத்துக்கொண்டார்.

"யாராவது திரும்ப வந்தா, கடன் கொடுத்தவன்கிட்ட கேக்கச் சொல்லு. எல்லாத்தையும் அங்கதானே வாங்கணும்? சாவியும் அங்கிருந்தே வரட்டும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.