வெள்ளிக்கிழமை பத்தரை மணி

மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இன்று என் பேரன் சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் பங்கு வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. யுத்தம் முடிந்த புதிது. புதுக் கம்பெனிகளுக்குப் பங்கு விற்று முதல் திரட்டிக் கொடுக்கும் வெள்ளைக்காரர் நிறுவனம் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். எங்கள் மேனேஜர் சாந்தோம் கிறிஸ்தவர், பள்ளி ஆசிரியரின் மகன். குமாஸ்தாவாக நுழைந்து, அதுவரை துரைமார் மட்டுமே உட்கார்ந்த நாற்காலிக்கு வந்தவர். அதுவும் தற்காலிகமாகத்தான். ஒரு நூல் மில்லின் பங்குகளை விற்றுக் காட்டினால் பதவி நிலைக்கும், இல்லாவிட்டால் பழைய மேஜைக்கே திரும்ப வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார்.

வாங்குகிறவர்கள் மயிலாப்பூரில் இருக்கிறார்கள், நாம்தான் அங்கே போகவேண்டும் என்று வாதாடி, குளத்தருகே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தவர் மேனேஜர். வெள்ளிக்கிழமை காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை விண்ணப்பம் வாங்கப்படும் என்று விளம்பரமும் கொடுத்தார். இதைப் படிக்கும்போதே நீங்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. நானும் வேதக்கார வீட்டுப் பெண்தான். வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் கறி கிடையாது, எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எதிர்ச்சாரியில் குடையும் அங்கவஸ்திரமுமாகக் கூட்டம் நின்றது. ஒருவரும் தெருவைத் தாண்டவில்லை. "உன் மயிலாப்பூர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது" என்றார் மாடி ஜன்னலில் நின்ற துரை. மேனேஜர் வெளிறிப்போய்க் கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். முன்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம், "என்ன சார், யாருமே மேலே வரலியே?" என்று கேட்டார்.

"வாங்கத்தானே வந்திருக்கோம்! ராகு காலத்துல யாராவது முதல் போடுவாளா? பன்னண்டு அடிக்கட்டும், வரோம்."

மேனேஜர் மேலே வந்து விளக்கியதும் துரை கேட்டார்: "நீயும் இந்த ஊர்க்காரன்தானே? உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்தச் சொன்னார் துரை. "சாயங்காலம் வரை திறந்திருக்கட்டும். விற்காவிட்டால் பழைய மேஜைக்கு நானே போய்விடுகிறேன்" என்றார் மேனேஜர். துரை தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் படி அதிர்ந்தது. டைப் அடித்து அடித்து என் விரல்கள் வீங்கின. சாயங்காலத்துக்குள் பங்குகள் தீர்ந்துபோயின. துரை கை கொடுத்து, "நாற்காலி இனி உன்னுடையது" என்றார்.

கடைசியாகப் படியிறங்கியவர் அந்த வாத்தியார்தான். "அடுத்த தடவை தேதி வைக்கறதுக்கு முன்னாடி எங்காத்துக்கு வாங்கோ. காபி சாப்டுண்டே நாள் பார்த்துடலாம்."

"வரேன் சார்" என்றார் மேனேஜர். மயிலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தத் தெருக்களில் அதுவரை யாரும் அவரை உள்ளே வா என்று அழைத்ததில்லை.

வேலை நிலைத்த செய்தியை அன்று வீட்டில் சொல்லவே மறந்துவிட்டாராம். மயிலாப்பூரில் காபிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார்.