அண்ணி படித்த வெறும் வயிற்றுப் பாடம்

சிதம்பரம் நடராசர் எத்தனை யுகமாக இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரோ தெரியாது. அந்தக் கால் வலிக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மூன்று உலகத்திலும் அவரை வலி தெரியாமல் தூங்க வைக்கக்கூடிய ஒரே ஆள் என் அண்ணி அருள்மொழிதான். அதிலும் எடுத்த உடனே ஊசியைத் தூக்கிவிடமாட்டார். சாமியை நாக்கை நீட்டச் சொல்லி, கழுத்தை அண்ணாந்து காட்டச் சொல்லி, கடைசி நைவேத்தியம் எப்போது ஆனது என்று விசாரிப்பார். உச்சிகாலப் பூசை இப்போதுதான் முடிந்தது என்று தெரிந்தால், "அப்ப இன்னைக்கு ஆவாது சாமி, நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றினால், கூட்டியது நடராசரை மட்டும்தான். மற்றபடி அண்ணி அப்படித்தான்.

அண்ணியைக் கட்டிக்கொண்டவர் என் அண்ணன் அருண்குமார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் ஏற்றிக்கொண்டு போகிற லாரியில் டிரைவர். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆகவே கடலூர் வீட்டில் எப்போதும் இருந்தது அம்மா கொளஞ்சியம்மாள், அண்ணி, நான் என்று மூன்று பேர். என் பெயர் தேவநாதன். பத்தாம் வகுப்பு என்னை விடுவதாக இல்லை. கடைசியில் நானே அதை விட்டுவிட்டு ஒரு செல்போன் கடையில் டாப்-அப் போட உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் அண்ணி நர்ஸ். அங்கே ஆபரேஷன் நாள் என்றால் மயக்க டாக்டர் பாண்டிச்சேரியிலிருந்து காரில் வருவார். அவர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். அண்ணிக்குக் கால்மாடு. ஒரு நாள் கர்ப்பப்பை எடுக்க வந்த ஒரு அம்மா, மேஜையில் படுத்த பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்ப முழிச்சிக்குவனாம்மா?" என்று கேட்டிருக்கிறார். முழித்துக்கொள்வீர்கள் என்று அண்ணியும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நல்லபடியாக முழித்துக்கொண்டு, காபி கேட்டு, வீட்டுக்கும் போய்விட்டார். அண்ணிதான் அந்தக் கேள்வியிலிருந்து எழுந்து வரவில்லை. தெரிந்து சொன்னேனா, வாய்க்கு வந்ததைச் சொன்னேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் என்ன கண்டோம்?

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியில், மயக்க டாக்டருக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பதற்கு நர்ஸுகளுக்கு ஒரு வருஷம் பாடம் நடத்தினார்கள். அதில் சேர்ந்துவிட்டால் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்குப் போய்விடலாம். எழுத்துப் பரீட்சை ஒன்று, நேர்முகம் ஒன்று. ஒருவர் இரண்டு தடவைதான் முயற்சி செய்யலாம் என்பது அந்தப் பள்ளியின் சட்டம்.

முதல் தடவை, 2009இல், எழுத்துப் பரீட்சையை அண்ணி ஊதித் தள்ளிவிட்டார். கவிழ்ந்தது நேர்முகத்தில். அங்கே கட்டிலில் ஒரு பெரியவரைப் போர்த்திப் படுக்க வைத்து, இவருக்கு இப்போது குடலிறக்க ஆபரேஷன், மயக்கம் கொடுக்கலாமா என்று விசாரித்துச் சொல் என்றார்களாம். அண்ணி பணிவாக, சாப்பிட்டீர்களா ஐயா என்று கேட்டார். இல்லை, இன்றைக்குக் கிருத்திகை விரதம் என்றார் பெரியவர். கொடுக்கலாம் என்றார் அண்ணி. தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த டாக்டர், காலையிலிருந்து வாயில் என்னென்ன போட்டீர்கள் என்று அதே பெரியவரைக் கேட்டார். இரண்டு டீ, ஒரு வாழைப்பழம், அப்புறம் பலகாரமாக நாலு இட்லி. அவ்வளவுதான், முடிந்தது கதை.

அன்று சாயங்காலம் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது, அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அந்த மனுசன் சொன்னதுல என்ன தப்பு? சோறு திங்கலல்ல? டீ குடிச்சா சாப்ட்ட கணக்கா?"

அம்மா பிடிக்கும் கிருத்திகை விரதமும் அதே தினுசுதான். விடியலில் டீ, பிறகு பழம், மத்தியானம் சோற்றுக்குப் பதில் இட்லி. அந்த இட்லியை அவித்துக் கொடுப்பதே அண்ணி. ஆனாலும் ஒருவர் விரதம் என்று சொன்ன பிறகு, அதில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று குடைவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அந்த மரியாதை அண்ணியின் நாக்கைக் கட்டிவிட்டது.

"தூங்குறவன் தொண்டைக்குக் காவல் கெடையாது அத்த" என்று அண்ணி சொன்னார். "வயித்துல இருக்கிறது மேல வந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குப் போயிடும். டீயா இட்லியான்னு அது பாக்காது."

அப்படியானால் அந்தப் பெரியவர் பிழைத்தாரா என்று அம்மா கேட்டார். அண்ணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கி. இரண்டு நாள் கழித்து அண்ணி என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தேவா, உனக்குப் பொய் நல்லா வரும்ல?"

"யாரு சொன்னது? எனக்குப் பொய்யே வராது."

"ம். வருது."

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. கடை முடிந்து வந்ததும் கூடத்தில் பாய் விரித்து நான் நோயாளியாகப் படுக்க வேண்டும். ஒரு நாள் குடிகார மேஸ்திரி, ஒரு நாள் வெற்றிலை போடும் ஆயா, ஒரு நாள் மாமியாருக்குப் பயந்த மருமகள். எந்த வேஷத்திலும் எனக்குச் சொந்தமாக ஒரு முனகல் இருந்தது. அண்ணி மூச்சை எண்ணுவார், கையில் நரம்பு தேடுவார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பார். எனக்குச் செய்தது போக, பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், அண்ணன் என்று யாரையும் விடவில்லை. அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதை அண்ணிதான் கண்டுபிடித்தார். "இந்த வூட்ல கொட்டாவி விடக்கூட முடியல" என்றார் அம்மா.

நான் ஏமாற்றாமலும் இல்லை. நாக்கில் பீட்ரூட் தடவிக்கொண்டு படுத்தேன். கடன் வாங்கிய பல்செட்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு படுத்தேன். ஒரு நாள் அண்ணன் கொண்டுவந்த பலாச்சுளையை ஒரு கை பார்த்துவிட்டு, மூன்று நாளாகப் பட்டினி என்று முனகினேன். நீ வாயைத் திறந்தால் பண்ருட்டியே வெளியே வருகிறது, எழுந்திரு என்றார் அண்ணி.

ஆனால் ஆரம்பத்தில் அண்ணி தோற்றுக்கொண்டுதான் இருந்தார். காரணம், சாப்பிட்டீர்களா என்றே கேட்டார். எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை, கும்பிடு மாதிரி. அடுத்தவர் வீட்டில் கேட்டால் பசித்தாலும் ஆச்சு என்போம். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு இல்லை என்போம். ஒரு நாள் எனக்கே பொறுக்காமல் தொழில் ரகசியத்தை உடைத்துவிட்டேன்.

"அண்ணி, பொய் சொல்றவன் வாசலுக்குத்தான் பூட்டுப் போடுவான். கொல்லப்பக்கம் தொறந்துதான் கெடக்கும். அதுல நுழைங்க."

அன்றிலிருந்து கேள்வி மாறியது. இன்றைக்குப் பால் திரிந்துவிட்டதா, டீக்குச் சர்க்கரையா வெல்லமா, சட்னி காரமா என்று பக்கத்துச் சந்து வழியாக வர ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு தடவையும் மாட்டினேன். அவருடைய ஆஸ்பத்திரியிலும் அது வேலை செய்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய், நோன்பு வைத்திருக்கிறேன், எச்சில்கூட விழுங்கவில்லை என்று சத்தியம் செய்தார். அது உண்மையும்கூட. அண்ணி மரியாதை குறையாமல், விடியக்காலை சஹருக்கு வீட்டில் என்ன சமையல் பாய் என்று கேட்டார். பாய் முகம் மலர்ந்து, முந்தின நாள் பிரியாணியைச் சூடு பண்ணினார்கள் என்றார். ஆபரேஷன் தள்ளிப்போனது.

2010 சித்திரைக் கடைசியில் இரண்டாவது நேர்முகம். அண்ணனுக்கு லோடு இருந்ததால் துணைக்கு நான். அம்மா மருமகளுக்காக விசேஷ விரதம் எடுத்துக்கொண்டு, டீ குடித்தபடி எங்களுக்கு எலுமிச்சைச் சோறு கட்டினார். இது என்ன விரதம், ஓட்டல் மாதிரி என்று கேட்டதற்கு, உன்னை மாதிரி சாமியே கும்பிடாதவனுக்கு இது புரியாது என்று திட்டும் வாங்கினேன்.

எனக்கு அன்று காலையில் பசிக்கவில்லை. என் தட்டில் இருந்த இட்லி எதிர்வீட்டுக் கோழிகளுக்குப் போனது. பஸ் ஏறும் முன் அண்ணி டீ வாங்கிக் குடித்தார். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். மனுஷனுக்குச் சில நாள் அப்படி ஆகும், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழியெல்லாம் அண்ணி உதட்டுக்குள் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். சிதம்பரத்தில் இறங்கியதும் தன் பங்குச் சாப்பாட்டைப் பிறகு சாப்பிடுவதாகப் பையில் வைத்துக்கொண்டு, என் டப்பாவை என் கையில் கொடுத்து, வேளைக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பள்ளிக் காம்பவுண்டுக்குள் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்தேன். உச்சி வெயில் ஏறியது. டப்பா மட்டும் மடியில் சுமையாக இருந்தது. அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் ஏன் என்று கேட்பார்கள். அப்போது காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டார், அண்ணிக்கு என்றேன்.

"உள்ள படுத்துப் படுத்து முதுகெல்லாம் வலிக்குது தம்பி" என்று அவர் சோம்பல் முறித்தார். வேலை நேரத்தில் படுத்துத் தூங்குவதைக்கூட இவ்வளவு அலுப்பாகச் சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. அவர் கண் டப்பாமேலேயே இருந்தது. எடுத்து அப்படியே நீட்டினேன். நான் சாப்பிட்டாயிற்று, இது மிச்சம் என்றேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, சத்தமில்லாமல் மொத்தத்தையும் முடித்தார். டப்பாவைக் கழுவித் தருகிறேன் என்று எழுந்தவரை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டப்பாவோடு போனவர் போனவர்தான். வீட்டில் அம்மாவிடம் டப்பாவுக்கு என்ன சொல்வது என்று ஒரு பொய் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு அண்ணி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நீ கடைசியா எப்ப சாப்ட்ட?"

"மத்தியானம். டப்பா காலி."

"நல்லா இருந்துச்சா?"

"அம்மா கையி. சொல்லணுமா?"

"கடலையா, முந்திரியா?"

அம்மா எலுமிச்சைச் சோற்றுக்கு என்றைக்கும் வேர்க்கடலைதான் போடுவார். கடலை என்று அடித்துச் சொன்னேன்.

அண்ணி பையைத் திறந்து எங்கள் எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். கழுவித் துடைத்து இருந்தது.

"முந்திரி. நல்ல காரியத்துக்குப் போறோம்னு அத்த அள்ளிப் போட்டிருந்தாங்க."

உள்ளே நடந்தது இதுதான். கட்டிலில் படுத்திருந்தது போன வருஷப் பெரியவரேதான். பெயர் பொன்னுரங்கம், அங்கே வார்டில் வேலை, வருஷா வருஷம் நோயாளி வேஷம் அவருக்கு. ஒரு டீயைக் குடித்துவிட்டு அதை மறைக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணி வாயைத் திறக்கச் சொன்னார்; பல் இடுக்கில் கறிவேப்பிலை, விரல் நகத்தில் மஞ்சள். எலுமிச்சைச் சோற்றுக்கு உப்பு கூடிவிட்டதா ஐயா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, முந்திரி போட்டு அருமையாக இருந்தது, வேப்பமரத்தடியில் ஒரு தம்பி கொடுத்தது என்று பொன்னுரங்கம் வாய்விட்டுவிட்டார். அடுத்த கேள்வியில் டீயும் வெளியே வந்தது. பெரியவர் அண்ணியை மறுபடி வெறும் வயிற்றோடு பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டு எழுந்தார். கடைசியாக அந்த டாக்டர், திரும்ப முழிப்பேனா என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வாய் என்றாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நீங்க முழிக்கிற வரைக்கும் தலைமாட்ட வுட்டு நகர மாட்டேன்னு சொல்லுவேன்னு சொன்னேன்."

"அவுரு?"

"ஆடியில வந்து சேரச் சொல்லிட்டாரு."

நான் குதித்திருப்பேன். கால் கொஞ்சம் தள்ளாடியதால் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி விடவில்லை.

"நாக்க நீட்டு."

நீட்டினேன்.

"தண்ணிகூட குடிக்கல. அத்த விரதத்துக்காவது டீ உண்டு. நீ யாருக்கு வேண்டிகிட்டு இப்படி கெடந்த?"

"விரதமாவது ஒண்ணாவது. நாள் பூரா வெயில்ல நின்னேன், நாக்கு காஞ்சிடுச்சு."

அண்ணி என் தலையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"வெயில்ல நின்னவன் தலையில ஏதுடா இத்தன வேப்பம்பூ?"