நைனா என்னையும் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நைனா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதாமல், அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒன்றை முழுதாகச் சொல்லிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது, எழுது. ஊருக்கே தெரிஞ்சதுதான" என்றார்.

நைனா காசிமேட்டில் பிறந்தவர். தாத்தா கடலுக்குப் போனவர். நைனாவுக்கோ படகில் கால் வைத்தாலே வாந்தி. அதற்காகச் சிறு வயதில் அவர் பட்ட கேலி கொஞ்சமல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிறகு சரக்குகளைக் கட்டும் வேலை. கடைசியில் கிரேன் ஓட்டுநர் ஆனார். இரும்புக் கயிற்றில் சிக்கி இடக்கைச் சுண்டுவிரல் போனது. காயம் ஆறிய மறுவாரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இராயபுரத்தில் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் ஒன்பதாவது படிக்கும்போதே, பிளஸ் டூ முடித்ததும் அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதாகத் தன் தங்கையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. இடுப்புவரை இருந்த முடியைக் கத்தரித்துக்கொண்டேன். நைனாவின் பைக்கை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் வரை போனேன். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் முரளியைப் பார்த்தேன். காலடிப்பேட்டைப் பையன். திருவொற்றியூரில் நான் சேர்ந்த டியூஷனில் எனக்கு ஓராண்டு மூத்தவன். ஒரு நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். அவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"கேட்டு மூடிக்கீதே, கண்ணு தெரியல?"

"ரயில் எங்க வருது? காட்டு பாக்கலாம்."

"வரும்."

வந்தது. ரொம்ப நேரம் கழித்து வந்தது. அவனைக் கிண்டல் செய்வதற்காகவே நான் எதிர்ப்பக்கம் காத்திருந்தேன். இருவரும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பஸ் கிடைக்கவில்லை என்று நான் பொய் சொன்னேன். அவன் உள்ளதைச் சொல்லித் திட்டு வாங்கினான். என் பொய்யை மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஓராண்டு முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே பழகினோம். எப்போது அது காதலானது என்று இருவருக்கும் தெரியாது.

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை அன்று, துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். எங்காவது போய்விடலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். வந்தான், வெறுங்கையோடு.

"பை எங்க?"

"வூட்ல கீது. உனக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. எங்க போனாலும் கல்யாணம் பண்ண முடியாது. உன் படிப்புதான் போவும். நான் வந்து உங்க நைனாகிட்ட பேசறேன்."

"உன்ன வெட்டிப் போட்ருவாரு."

"பேசி முடிக்கிற வரைக்கும் வெட்ட மாட்டாருல்ல?"

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன்மேல் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோழை என்று நினைத்தேன். இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதமும் செய்தேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து நைனா முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முரளி நின்றான்.

"அங்கிள், என் பேரு முரளி. உங்க பொண்ணும் நானும் விரும்பறோம். உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

நைனா ஓங்கி ஓர் அறை விட்டார். மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"மீதியச் சொல்லட்டுமா அங்கிள்?"

நைனா ஓங்கிய கையோடு நின்றார். அவன் சொன்னான்: "அவளுக்கு மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கணும்னு ஆசை. உங்ககிட்ட சொல்ல பயம். அது முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க. நானும் அதுவரைக்கும் பாக்க மாட்டேன், போன் பண்ண மாட்டேன். எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கறேன்."

உள்ளே இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து கத்தினேன்.

"இன்னா நெனச்சிகினு கீறீங்க ரெண்டு பேரும்? என் வாழ்க்கைய நீங்களே பேசி முடிச்சிப்பீங்களா? என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அடுத்த அறை எனக்குத்தான் விழும் என்று அம்மா ஓடி வந்தார். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. கேக்கறேன், சொல்லு. உனுக்கு இன்னா வோணும்?"

அந்தக் கேள்விக்காக எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். கேட்டதும் அழுகைதான் வந்தது.

"படிக்கணும் நைனா. அத்தை பையன் வேணாம். இவனப் பாக்காமலாம் என்னால இருக்க முடியாது. இவன் வேணா எழுதிக் குடுக்கட்டும், நான் குடுக்க மாட்டேன்."

நைனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமே, இதுங்கள பாத்தியா? ஒண்ணு எழுதிக் குடுக்கறேன்னுது, ஒண்ணு கிழிச்சிப் போடறேன்னுது." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. முரளியிடம், "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வா. நான் இருக்கும்போது வா" என்றார்.

மூன்று ஆண்டுகள், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முரளி வந்தான். இடையில் நான் காலடிப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றால், கொடுத்த வாக்கை மீறாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான். முதலில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நைனா, அரை ஆண்டில் கேரம் பலகையை எடுத்துப் போட்டார். ஒருமுறை எனக்கு டெங்கு காய்ச்சல் வந்தபோது, நாளும் கிழமையும் பார்க்காமல் புதன்கிழமையே ஓடிவந்து நின்றான். "இன்னா, ரூல்ஸ் இன்னா ஆச்சி?" என்று நைனா கேட்டார். "ரூல்ஸ் கெடக்குது அங்கிள், இவ எப்படிக் கீறா?" என்றான். அன்றுதான் இவன் நம் வீட்டுப் பிள்ளை என்று முடிவு செய்ததாக நைனா பிற்பாடு சொன்னார்.

நான் டிப்ளமோ முடித்து எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். முரளி ரயில்வேயில் சேர்ந்தார். மதம் பற்றிக் கேட்ட உறவினர்களுக்கெல்லாம் நைனா சொன்ன பதில், "பையன் பொய் பேச மாட்டான். வேற இன்னா வோணும்?" என்பதுதான். பதிவுத் திருமணத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்திட்டார். பேனாவை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "அன்னிக்கு வலிச்சுதாப்பா?" என்றார். "வலிச்சுது நைனா" என்றார் முரளி. அங்கிள் போய் நைனா வந்தது அப்போதுதான்.

ஒரே ஒரு குறை, அத்தை. வாக்குத் தவறிய அண்ணன் வீட்டில் காலடி வைப்பதில்லை என்று இருந்துவிட்டார். அத்தானுக்கு வேறு இடத்தில் திருமணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் வரவில்லை. நைனா வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்த நாட்களில், வாசலில் யார் வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது என்று மருத்துவர் உள்ளதைச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அத்தை வந்தார்.

"இன்னாண்ணா, எங்கிட்ட சொல்லாமலே கெளம்பிடலாம்னு பாத்தியா?" என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாடி நின்னுகினு கீற? ஒரு டீ போடேன்" என்றார். அடுப்படியில் நான் விட்ட பெருமூச்சு வெளியே கேட்டிருக்கும்.

அதன்பின் ஒன்பது நாட்கள். மூச்சுத் திணறித் துடிப்பாரோ என்பதே எங்கள் பயம். அப்படி நடக்கவில்லை. ஒரு மதியம், அத்தை ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண் அயர்ந்தவர், முரளி கால் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அடங்கினார். அந்தக் கணத்தில் என் மனம் லேசானதை நினைத்து அன்று வெட்கப்பட்டேன். இன்று வெட்கம் இல்லை. யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல், வலி இல்லாமல் போனார். பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்.

நைனாவை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறிய ஆம்புலன்ஸ் தம்பிக்கும், உண்மையை மறைக்காத மருத்துவருக்கும், செவிலியருக்கும், ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமந்து வந்த துறைமுகத் தோழர்களுக்கும், செபித்த நம் ஆலயப் பங்கு மக்களுக்கும், கல்லறைத் தோட்டம்வரை உடன் நடந்த காலடிப்பேட்டைச் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இன்றைய நினைவுத் திருப்பலிக்குப் பின் மதிய உணவு நம் வீட்டில். சமையல் அத்தையின் பொறுப்பு. யாரையும் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்று எனக்கு உத்தரவு.