யாழ்ப்பாணம் போய்வரும் கணக்கு

இன்னும் கப்பலேறாத ஒரு ஜீப்பைப் பற்றி நாளுக்கு நாற்பது பேருக்குப் பதில் சொல்வதுதான் மேரிசெல்வியின் வேலை. மின்சாரத்தில் ஓடப்போகும் அந்த ஜீப்பின் படம் மட்டும் வாகனக் கம்பெனியின் மன்னார் கிளைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவளுக்குச் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் பதினொரு வருடம் நின்றே தேய்ந்தவளுக்கு, கதிரையில் இருந்து பார்க்கும் முதல் வேலை இது. ஆனாலும் பின்னேரம் பாப்பாமோட்டை பஸ் ஏறும்போது வாய் உளைந்து போயிருக்கும்.

சனம் கேட்கிற கேள்விகளுக்கு அளவே இல்லை. உப்புக்காற்றுக்குக் கறள் பிடிக்குமா, வெள்ளத்துக்குள் இறக்கினால் கரண்ட் அடிக்குமா, பற்றறி செத்தால் பழைய இரும்புக்காரனாவது எடுப்பானா. கொழும்பிலிருந்து வந்த புத்தகத்தில் எல்லாம் கிலோமீற்றரில் இருந்தது. மன்னாரில் யார் கிலோமீற்றர் கேட்டார்கள்? மடுவுக்குப் போய் வரலாமா, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாமா என்றுதான் கேட்டார்கள். அதனால் அவளே கணக்குப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். ஒருதரம் சார்ஜ் போட்டால் நானூறு ஓடும், யாழ்ப்பாணம் போய்வர இருநூற்றுச் சொச்சம், தாராளம். அந்தத் தாராளத்தை நம்பி ஒன்பது பேர் பதிந்திருந்தார்கள். மாத முடிவுக்குள் பத்தாவது ஆள் பதியாவிட்டால் கிளையைப் பூட்டுவதாகத் தலைமைக் கந்தோர் சொல்லியிருந்தது.

பத்தாவதாக வந்தவர் பெரியமடுவில் நெல் மில் வைத்திருக்கும் சிவராசா. அவருடைய மனைவிக்கு மாதம் இருதரம் யாழ்ப்பாணத்தில் இருதயக் கிளினிக். படிவத்தை நிரப்பி முடித்துவிட்டு, பேனையைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"தங்கச்சி, மாரியிலயும் இந்தக் கணக்குத்தானோ?"

மேரிசெல்வி கொப்பியைத் திறந்தாள். அவள் பார்த்திருந்தது பூநகரிக் குறுக்கு ரோட்டுக் கணக்கு. மழை பெருத்து அந்த ரோட்டைத் தண்ணீர் மூடினால் வவுனியாவைச் சுற்றித்தான் போகவேண்டும். போகவர நானூறைத் தாண்டிவிடும், ஏசியும் போட்டால் இன்னும் முந்தியே நின்றுவிடும். அப்படிச் சுற்றிப்போன பஸ்ஸில் அவளே எத்தனையோ தரம் இடிபட்டிருக்கிறாள். கோடையில் எழுதிய கொப்பியில் அது வராமல் போய்விட்டது. இப்போது ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வேலை தப்பும். திரும்ப உப்பளத்து வெயிலில் போய் நிற்க அவளுக்குப் பயமாகவே இருந்தது.

"இல்லை ஐயா. சுத்திப் போனால் திரும்பி வராது. இடையில சார்ஜ் போடவேணும். மழைக்குக் கரண்டும் நிண்டிட்டால், வீட்டுக்கார அம்மாவோட நடுரோட்டில நிக்கவேண்டி வரும்."

சிவராசா கோபிக்கவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. பதிந்திருந்த ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்து, தான் சொன்ன கணக்குப் பிழை என்றாள். ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆறு பேர் பதிவே வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் கொழும்பிலிருந்து மேலாளர் நிப்ராஸ் பேசினார். மன்னார் கிளை இந்த மாதத்தோடு சரி என்றார். பிறகு, பதிவை நிறுத்திய ஆறு பேரில் மழைக்கால ரோட்டைப் பற்றி முதலில் கேட்டது யார் என்று விசாரித்தார்.

"அவையள் ஒருத்தரும் கேக்கேல்லை, சேர்," என்றாள் மேரிசெல்வி. "நான்தான் எடுத்துச் சொன்னனான்."