சாத்திய ஜன்னல்

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜனனத்தையும் மரணத்தையும் பதியும் விதிகள் மனப்பாடம். ஆளைப் பிழைக்க வைக்கும் விதிதான் எதிலும் இல்லை.

போன மார்கழியில் என் மகள் மங்களத்துக்குக் குழந்தை பிறந்தது. வழக்கப்படி என் அக்கா பிரசவ அறையின் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் துணி அடைத்து, உள்ளே கரிக் கணப்பு மூட்டினாள். மறுநாள் காலையில் வெளியே நின்று கூப்பிட்டேன். மங்களம் பதில் சொல்லவில்லை, குழந்தையும் அழவில்லை.

கதவைத் தள்ளினேன்.

"தீட்டுடா, போகாதே! காத்துப் பட்டா ஜன்னி கண்டுடும்!" என்றாள் அக்கா.

"தீட்டு குளிச்சாப் போயிடும் அக்கா. உசிர் போனா?"

ஜன்னல்களைத் திறந்து, இருவரையும் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். சற்றுப் பொறுத்துக் குழந்தை வீறிட்டது. மங்களமும் கண் விழித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்து, "கரிப்புகையாக்கும் சாரே. இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா ரெண்டு பேரும் இல்லை" என்றாள்.

மங்களத்தைப் பெற்ற மூன்றாம் நாள், அவள் அம்மாவும் இப்படி அடைத்த அறையில்தான் இறந்துபோனாள். ஜன்னி என்றார்கள். தீட்டென்று என்னை உள்ளே விடவில்லை. அவள் குரலை இன்னொரு தரம் கேட்க இன்றும் ஏங்குகிறேன்.

இப்போதெல்லாம் தெருவில் எங்கே பிரசவமானாலும் போய், "ஜன்னல் திறந்திருக்கா?" என்று கேட்கிறேன். "திறந்திருக்கு மாமா" என்று பெற்றவளே உள்ளிருந்து சொன்ன பிறகுதான் வீடு திரும்புகிறேன்.